ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று நினைத்த படமும் இன்னும் சிலவும்

விமர்சனம் எழுதச் சொல்லவில்லை, ஸ்டாரும் வேண்டாம். கடைசியாக என்ன படம் பார்த்தீர்கள், பார்க்கும்போது உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொன்னால் போதும். நானே தொடங்குகிறேன்.

போன வாரம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் 'கொட்டுக்காளி' போட்டேன். 2024இல் தியேட்டருக்கு வந்தபோது தவறவிட்ட படம். பத்து நிமிடம் ஓடியிருக்கும். பேச்சு கேட்கிறது, வண்டிச் சத்தம் கேட்கிறது, இசையை மட்டும் காணோம். ஒரு வயலின் இழுப்புகூட இல்லை. சவுண்ட்பாரில் ஏதோ ஒரு பக்கம் போய்விட்டது என்று எழுந்துபோய் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மாறவில்லை. டிவி செட்டிங்ஸைக் குடைந்தேன். அப்புறம் ஹெட்போன். அதிலும் அதே கதை. கடைசியில் போனில் தேடிப் பார்த்தால், படத்துக்குப் பின்னணி இசையே கிடையாதாம். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்திருக்கிறார்.

கொஞ்சம் வெட்கத்தோடு மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை காது வேறு மாதிரி வேலை செய்தது. ஆட்டோவின் உறுமல், காலைக் கட்டி வைத்த சேவலின் சலசலப்பு, தொண்டை கட்டிய சூரியின் கரகரப்பு எல்லாமே இசைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொண்டன. அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்க வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் விடாமல் பேசுகிறார்கள். யார் கத்துகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் படமே. இசை போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்காக எப்போது வருத்தப்பட வேண்டும் என்று வயலின் சொல்லிக் கொடுத்திருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வழியில் வண்டி நிற்கிற இடங்களில் இரண்டையாவது குறைத்திருக்கலாம். முடிவு எனக்கு எரிச்சல்தான் தந்தது. 'இப்போது நீ சொல்லு' என்று நம் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மணி பன்னிரண்டரை. எனக்கு என்ன தெரியும்?

*

உங்களுக்காவது வீட்டில் நடந்தது. நான் அதைத் தியேட்டரில் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துப் பின் வரிசையில் ஒருவர் எழுந்து, "சவுண்டு வைங்கப்பா!" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் இதே இயக்குநரின் முதல் படமான 'கூழாங்கல்' பார்த்திருந்தால் தயாராக வந்திருப்பார். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம் அது. அதிலும் அப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். எனக்கு இரண்டில் அதுதான் பிடித்தது, சின்னது என்பதாலும்.

*

எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்று போட்டோம். '12 ஆங்கிரி மென்', 1957இல் வந்தது, சிட்னி லூமெட் இயக்கியது. தந்தையைக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் கதை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் நான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். ஒன்றரை மணி நேரப் படம், எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஓடியது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு நல்லது நடந்தது. படத்தில் முதல் ஓட்டெடுப்பு வந்ததும் மாமா, "இரு, நாமும் ஓட்டுப் போடுவோம்" என்றார். படத்தில் பதினொன்றுக்கு ஒன்று, எட்டாம் நம்பர் ஜூரியாக வரும் ஹென்றி ஃபோண்டா மட்டும் குற்றவாளி என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஐந்து பேரில் நாலு பேர் குற்றவாளி என்று கை தூக்கினோம். பாட்டி தூக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பையன் மூஞ்சியை ஒரு தடவைதானே காட்டினாங்க. அதுக்குள்ள என்ன தெரியும்?" என்றார். ஃபோண்டா வாதாடுவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஓர் எட்டாம் நம்பர் ஜூரி இருந்தார்.

கொலைக்கு எடுத்த கத்தியைப் போல உலகத்திலேயே வேறு இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்ல, ஃபோண்டா தன் பாக்கெட்டிலிருந்து அச்சு அசலாக அதேபோல் ஒன்றை எடுத்து மேஜையில் குத்துவாரே, அங்கே அம்மா கட்சி மாறினார். காலை இழுத்து நடக்கிற கிழவர் அத்தனை சீக்கிரம் கதவுக்கு வந்திருக்க முடியுமா என்று அவர்கள் நடந்து பார்க்கும் காட்சி வந்ததும், மாமா எழுந்து கூடத்தில் தானும் காலை இழுத்து நடந்தார். என்னைப் போனில் நேரம் பார்க்கச் சொன்னார். மனிதர் அதற்கப்புறமும் மாறவில்லை. சாட்சி சொன்ன பெண்ணின் மூக்கில் இருந்த கண்ணாடித் தழும்பு பற்றிய பேச்சு வந்தபோதுதான் மாறினார். அப்போது பாட்டி தன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா படத்தைப் பார்க்கவே இல்லை, பாட்டியைத்தான் பார்த்தார்.

இன்னொன்று. பாதிப் படத்துக்கு மேல் எனக்கு என்னவோ மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். பிறகு படித்தபோதுதான் புரிந்தது. கேமரா தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், போகப் போகக் கீழே இறங்கும். லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சுவர்களும் கூரையும் நெருங்கி வருகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். என் வீட்டு ஜன்னலில் எந்தக் கோளாறும் இல்லை.

*

எனக்கு நடந்தது ஒரு சண்டை. படம் 'மெய்யழகன்'. அக்கா வெளிவந்த இரண்டாம் நாளே பார்த்துவிட்டாள். நான் ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துப் போனேன். வந்ததும் போனில் அலசல். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவில் பேசிக்கொண்டே போவார்களே, அதில் ஒரு பகுதியைச் சொல்லி, "அழுதியா?" என்றாள். அப்படி ஒன்று வரவே இல்லையே என்றேன். "தூங்கியிருக்க." இல்லை என்றேன். "நீ எந்தப் படத்துலதான் தூங்கல?" என்று சின்ன வயதுப் பட்டியலை எடுத்துவிட்டாள். அப்புறம் பார்த்தால், நீளமாக இருக்கிறது என்று பேச்சு வந்ததால் சுமார் 18 நிமிடத்தை இயக்குநரே வெட்டிவிட்டார். அவள் பார்த்தது ஒரு படம், நான் பார்த்தது இன்னொன்று. இன்றுவரை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெட்டியது நல்லதா? வெட்டாததை நான் பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன். இத்தனை பாசமாகப் பேசுகிறவனின் பெயர் என்ன என்று தெரியாமல், கேட்கவும் முடியாமல் அரவிந்த்சாமி இரவெல்லாம் நெளிகிறாரே, அது என் வாழ்க்கை. எங்கே போனாலும் யாராவது ஒருவர் தோளில் கை போட்டு, "என்னைத் தெரியுதா?" என்பார். நானும் "தெரியாம என்ன!" என்பேன். தியேட்டரில் எல்லோரும் சிரித்த இடங்களில் எனக்கு வியர்த்தது. எப்போதோ விட்டுவிட்டுப் போன ஒரு சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு என்னவாயிற்று என்று தெரியவரும் இடத்தில் அக்கா அழுதாளாம். நானும்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

*

சைக்கிள் என்றதும் நினைவு வந்துவிட்டது. 'பைசைக்கிள் தீவ்ஸ்' எனக்கு இரண்டு தடவை நடந்தது. கல்லூரிக் காலத்தில், உலக சினிமா பார்க்கிறவன் என்று காட்டிக்கொள்ள முதல் தடவை. 1948, இத்தாலி, விட்டோரியோ டி சிகா, நியோரியலிசம் என்று எல்லாம் மனப்பாடம். கதாநாயகனாக நடித்த லம்பெர்தோ மஜ்ஜியொரானி நிஜத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி என்பதுகூடத் தெரியும். ஆனால் படம் பார்த்தபோது, ஒரு சைக்கிளுக்கு இத்தனை அலைச்சலா என்றுதான் இருந்தது. வெளியே மட்டும் "மாஸ்டர்பீஸ்" என்று சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் பைக் காணாமல் போனது. தவணை முடிய ஏழு மாதம் பாக்கி. புகாரை எழுதி வாங்கிக்கொண்டவர், "நீங்களும் நாலு இடத்துல தேடிப் பாருங்க" என்றார். கோபம் வரவில்லை. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்றுதான் தோன்றியது. அன்று இரவு படத்தைத் திரும்பப் போட்டேன். இருக்கிறது, அதே மாதிரி ஒரு காட்சி. புகாரைப் பதிந்துகொண்டு, நீயே போய்த் தேடு என்பார்கள்.

இந்தத் தடவை வேறு படம். வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அந்தச் சைக்கிளை மீட்பதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. அடகுக்கடையில் அந்த விரிப்பு மூட்டையைக் கொண்டுபோய் வைக்கிற அலமாரியின் உயரம் இருக்கிறதே, அதன் தட்டுகளெல்லாம் அடுத்தவர் வீட்டு விரிப்புகள். கடைசியில் அப்பாவே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்து மாட்டிக்கொள்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு காரணம், அந்தப் பையனின் முகம். இன்னொரு காரணம், அன்று சாயங்காலம் தெருவில் சாவியோடு நின்றிருந்த ஒரு பைக்கை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மிச்சத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

பைக் இன்னும் கிடைக்கவில்லை.

*

தம்பிக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்க்கிற வியாதி. வாரத்துக்கு ஆறு படம் முடிக்கிறானாம். 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்க்கச் சொன்னேன். விம் வெண்டர்ஸ் இயக்கியது, 2023. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஒருவர் காலையில் எழுகிறார், வேலைக்குப் போகிறார், மரத்தைப் போட்டோ எடுக்கிறார், புத்தகம் படித்துவிட்டுத் தூங்குகிறார். மறுநாளும் அதே. அதில் நடித்த கோஜி யாகுஷோவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வந்து, "ஆள் செம சுறுசுறுப்பு" என்றான். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கடைசிக் காட்சியில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டே இருப்பார். கேமரா முகத்தை விட்டு நகராது. சிரிப்பு வரும், கண் கலங்கும், மறுபடி சிரிப்பு வரும், எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதை வேகமாக ஓட்டிப் பார்த்தவனுக்கு அவர் தும்மல் வராமல் தவிக்கிறார் என்று தோன்றியிருக்கிறது.

பிடித்து உட்கார வைத்து அந்த ஒரு காட்சியை மட்டும் சாதாரண வேகத்தில் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுக்கவும் இல்லை. வேகத்தை விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள், நேற்றுகூட ஏதோ ஒரு படத்தில் எல்லோரும் கிளி மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

*

மேலே ஒருவர் பையனின் முகம் என்றாரே, எனக்கும் ஒரு பிள்ளை விஷயம்தான். ஏழு வயது மகளோடு 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' பார்த்தேன். மஜித் மஜிதியின் ஈரானியப் படம், 1997. தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், இருவருக்கும் ஒரே ஜோடி, அவள் பள்ளி விட்டு ஓடி வந்து கழற்றிக் கொடுக்க அவன் போட்டுக்கொண்டு ஓடுவான். பாரசீகமும் தெரியாது, சப்டைட்டிலையும் அவளால் அத்தனை வேகமாகப் படிக்க முடியாது. நான் வாய் திறந்தால் "சும்மா இருப்பா, புரியுது" என்றாள். புரிந்துதான் இருந்தது. அந்தப் பெண் ஓடும்போதெல்லாம் இவள் சோபாவில் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டப் பந்தயத்தில் அவனுக்கு வேண்டியது மூன்றாம் பரிசு. அதில்தான் ஷூ. பையன் தவறிப்போய் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், அவன் அழுகிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. இவள் கோபமாக, "யாராவது அவன்கிட்ட கேட்டாங்களா?" என்றாள்.

சண்டை அதற்கப்புறம்தான் வந்தது. படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் சைக்கிளைக் காட்டுவார்கள். அதில் புது ஷூ இருக்கும். நமக்குத் தெரியும், வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவன் கொப்பளித்த காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மீன்கள் வந்து காலைச் சுற்றும், படம் முடிந்துவிடும். எனக்கு அது அற்புதமான முடிவு. மகளுக்கு அது அநியாயம். "அப்பா வீட்டுக்கு வர்றதைக் காட்டலையே, ரிமோட்டைக் குடு" என்று முன்னும் பின்னும் ஓட்டித் தேடினாள். எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பெயர்ப் பட்டியல் முடிகிறவரை விடவில்லை. தூங்கப் போகும்போது, "இந்நேரம் வந்திருப்பார்ல?" என்றாள். வந்திருப்பார் என்றேன்.

*

தொடங்கியவன் மறுபடியும். மூன்று பேர் சொன்னதில் மூன்று சைக்கிள், யாரும் பேசி வைத்துக்கொண்டு எழுதவில்லையே? பைக் தொலைத்தவருக்கு: கிடைத்தால் இங்கே ஒரு வரி போடுங்கள். பாட்டி வீட்டுக்காரருக்கு: அடுத்து ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' போட்டுப் பாருங்கள். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். மாமா எத்தனை தடவை கட்சி மாறுகிறார் என்று எண்ணி வையுங்கள்.

நான் இன்று 'பெர்ஃபெக்ட் டேஸ்' போடப் போகிறேன். சவுண்ட்பார் வயர் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.