அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்கள் காசா (CASA) தன்னார்வலர் ஆக முடியுமா?

டல்லாஸ்வாசி:
ஃபோஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பொறுப்பில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கோர்ட்டில் பேசும் காசா தன்னார்வலராகச் சேர நினைக்கிறேன். பார்ப்பது ஐடி வேலை, சட்டம் தெரியாது. லீவு நிறையப் போகுமா? பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

நெய்தல்:
சட்டம் தெரிய வேண்டாம். 1977-ல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப் இதைத் தொடங்கியதே சாதாரண ஆட்களை வைத்துத்தான். பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பின்னணிச் சோதனை, நேர்காணல், சுமார் 30 மணி நேரப் பயிற்சி முடிந்து நீதிபதி முன் உறுதிமொழி. பின்னணிச் சோதனைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்களிடம் அது இல்லாமல் இருக்கலாம், முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

பெரும்பாலும் ஒரு கேஸ்தான் தருவார்கள். மாதம் ஒரு தடவையாவது பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும். விசாரணை வாரநாள் பகலில் என்பதால் அன்றைக்கு லீவு போட்டே ஆகணும். வீட்டுக்கு அழைத்து வருவது கிடையாது, பணம் கொடுப்பதும் கிடையாது. காரில் ஏற்றலாமா என்பதை உங்கள் கிளையில் கேளுங்கள், பல இடங்களில் தடை. ஒரு வருஷத்துக்குள் ஊர் மாறுவீர்கள் என்றால் இப்போது சேர வேண்டாம். அந்தப் பிள்ளையை விட்டுப் போன பெரியவர்கள் ஏற்கெனவே போதும்.

குறிப்பேடு:
நிஜமான வேலை கோர்ட்டுக்கு எழுதும் அறிக்கையில் இருக்கிறது. "அம்மாவுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதினால் அவர் வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். "பிள்ளையைப் பார்க்க அம்மாவுக்கு வைத்த மார்ச் 3, 10, 17 சந்திப்புகளில் 10-ம் தேதி வரவில்லை, 17 அன்று 40 நிமிடம் தாமதம், பஸ் தவறியதாகச் சொன்னார்" என்று எழுதுங்கள். பார்த்தது தனி, கேள்விப்பட்டது தனி, யார் சொன்னது என்பதோடு.

நியமன உத்தரவின் நகலைக் கையோடு வைத்திருங்கள். அதைக் காட்டாமல் பள்ளியிலோ டாக்டரிடமோ எதுவும் பெயராது. பள்ளி மாறும்போது சிறப்புக் கல்வித் திட்டமான ஐஇபி கோப்பு பழைய பள்ளியிலேயே தங்கிவிடுவது சகஜம். புதுப் பள்ளியில் பிள்ளை உதவியில்லாமல் உட்கார்ந்திருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் வாரமே கேட்டு வாங்க வையுங்கள்.

மணிமேகலை_ஓஹையோ:
காலக்கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். 1997 கூட்டாட்சிச் சட்டப்படி பிள்ளை ஃபோஸ்டர் கேருக்கு வந்த 12 மாதத்துக்குள் நிரந்தர ஏற்பாடு பற்றிய விசாரணை நடக்க வேண்டும். கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை ஃபோஸ்டர் கேரில் இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க மாநில அரசு மனு போட வேண்டும். ஆகவே அம்மாவுக்குப் போதை சிகிச்சையில் இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் மூன்று மாதம் போனால், அதை அறிக்கையில் தேதியோடு பதியுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாமதமும் அவர் கணக்கில்தான் ஏறும்.

பிள்ளை "எப்ப வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்கும். "அதை ஜட்ஜ்தான் முடிவு பண்ணுவாங்க, நீ சொன்னதை அவங்ககிட்ட சொல்லுவேன்" என்பதோடு நிறுத்துங்கள். தேதி எதுவும் சொல்லிவிடாதீர்கள்.