புதுப்பிப்பு: காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறிய கார்

காலையில் சாவியைத் திருப்பினால் கார் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது, பேட்டரியை மாற்ற வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வேண்டியதில்லை! பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்புதான் காரணம்.

முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினேன், அப்புறம் பாசிட்டிவ். இந்த வரிசை ரொம்ப முக்கியம். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் காரின் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் உப்பு நுரைத்துக் கரைந்தது. துடைத்து, காயவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவினேன்.

இப்போது ஒரே திருப்பில் ஸ்டார்ட். இரவு முழுக்க நின்ற வண்டியில், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது, இன்ஜின் ஓடும்போது 14.1. பேட்டரியும் நலம், அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலம். மல்டிமீட்டர் வாங்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. செய்து பார்ப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரிக்குள்ளே இருப்பது கந்தக அமிலம்.