எங்க குழு கதையில விட்டுப்போன பேரு

பல்லடம் பக்கத்திலிருந்து:

கூட்டாளிகளாச் சேர்ந்து பாட்டுக்குழு ஆரம்பிச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. எங்களோடது பத்து வருசக் கதை. சந்தோசமும் இருக்குது, ராத்திரி தூங்க விடாத ஒண்ணும் இருக்குது. ரெண்டையும் எழுதிடறேன்.

நாங்க நாலு பேரு, ஒரே பஸ்ல காலேஜ் போயிட்டு வந்தவங்க. ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் கிதார், ஒருத்தன் கீபோர்டு. நான் பாட்டு எழுதுவேன், கூடவே கஹோன் தட்டுவேன். கஹோன்னா மரப்பெட்டிதாங்க. அது மேலயே உக்காந்துக்கிட்டு முன்பக்கப் பலகையைக் கையால தட்டணும். முதல் பெட்டியை எங்க ஊர் ஆசாரி பிளைவுட்ல அடிச்சுக் கொடுத்தார். 2012ல ஹிப்ஹாப் தமிழாவோட முதல் ஆல்பம் வந்திருந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் சினிமாவை நம்பாம பாட்டுப் போட்டு, அதை எங்க பஸ்ல அத்தனை பேரும் பாடறாங்கன்னா, நமக்கு என்ன கொறைச்சல்னு ஒரு தைரியம் வந்துச்சு.

பழகறதுக்கு எடம் கெடச்சதுதான் பெரிய புண்ணியம். கிதார்க்காரனோட மாமா திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட் குடோன் வெச்சிருந்தார். பனியன் துணி வெட்டறப்ப மிச்சமாகற துண்டுங்களை மூட்டை மூட்டையாக் கட்டிக் கூரை வரைக்கும் அடுக்கியிருப்பாங்க. நாலு செவுத்தையும் மூட்டை மறைச்சுடும். உள்ள போயிக் கை தட்டிப் பார்த்தா எதிரொலியே கிடையாது. காசைக் கொட்டி ஸ்டுடியோ கட்டறவங்க தேடற அமைதி எங்களுக்குச் சும்மாவே கெடச்சுது. பஞ்சுத் தூசிதான் ஒரே தொந்தரவு. ரெண்டு பாட்டுக்கு ஒருக்கா பாடறவனுக்கு இருமல் வந்துடும். அதனால ரெக்கார்டிங்குக்கு முன்னால தரையெல்லாம் தண்ணி தெளிச்சு, ஈரத்துண்டை விரிச்சு வெச்சுட்டுத்தான் மைக்கையே ஆன் பண்ணுவோம். மாமா ஒவ்வொரு நாளும் பூட்டுச் சாவியைக் கொடுக்கறப்ப, “மாப்ள, கொசுவத்திகூடப் பத்த வெச்சுடாதீங்க, அத்தனையும் துணி”ம்பார்.

நாங்க எழுதின முதல் பாட்டு பனியன் கம்பெனி வண்டியைப் பத்தினது. காலைல ஏழு மணிக்கெல்லாம் ஊர் ஊரா வந்து பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. எங்கம்மாவும் அதுலதான் செக்கிங் வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. வண்டி ஹாரன் கேட்டதும் பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு ஓடுவாங்க. அந்தப் பாதிச் சோறுதான் பாட்டு.

அதை முதல்ல பாடுனது எங்க ஊர் மாரியம்மன் நோம்பியில, அதாவது கோயில் திருவிழாவுல. ராத்திரி ஆர்கெஸ்ட்ரா வண்டி வர நேரமாயிருச்சு. ஊர்ப் பெரியவர் ஒருத்தர், “தம்பிகளா, அவங்க வர்ற வரைக்கும் ரெண்டு பாட்டுப் பாடுங்க சாமி”ன்னு மேடையேத்திட்டார். ஒருத்தருமே கேக்கலீங்க. சின்னப்பசங்க சினிமாப் பாட்டு பாடச் சொல்லிக் கத்தறாங்க. பாதியில நிறுத்திட்டுக் கீழ எறங்கி வந்தோம்.

நோம்பிக்காகக் கோயில் முன்னால நட்ட கம்பத்துக்கிட்ட உருமி மேளம் வாசிக்கறவர் உக்காந்து தோலைத் தீயில காட்டிக்கிட்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டு, “பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா அதுல கால் வெக்கறதுக்கு எடமே இல்லீங்களே”ன்னார்.

அவருக்கு எங்கப்பா வயசு. எங்க ஊர்ல பொடிப்பசங்ககூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்த நிமிசம் வரைக்கும் நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கேன். அதை மறைக்க எனக்கு இஷ்டமில்ல.

அவர் சொன்னதோட அர்த்தம் அவர் வாசிச்சப்பத்தான் வெளங்குச்சு. நாங்க நிமிசத்துக்கு 128 தட்டுன்னு வெச்சிருந்தோம். அவர் அதைக் கிட்டத்தட்ட 96க்கு எறக்கினார். உருமியோட ஒரு பக்கம் நேர்க்குச்சியால அடி, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியை வெச்சு அழுத்தித் தேய்ப்பு. அந்தத் தேய்ப்புல ஒரு முனகல் கெளம்புது பாருங்க, அது ரெண்டு அடிக்கு நடுவுல இருக்கற எடத்தையே நிரப்பிடுது. எங்க பாட்டுல அந்த எடம்தான் இல்லாமப் போயிருந்துச்சு. மறுபடி மேடையேறினோம். அவர் கீழ நின்னே வாசிச்சார், நாங்க மேல பாடினோம். மாவிளக்குத் தட்டோட போயிட்டிருந்த பொம்பளைங்க அப்படியே நின்னாங்க. எங்கம்மாவும் அதுல ஒருத்தர். கம்பத்தைச் சுத்தி ஆடிட்டிருந்தவங்க எங்க பாட்டுக்கு அடி போட ஆரம்பிச்சாங்க. ஆர்கெஸ்ட்ரா வண்டி வந்து ஹாரன் அடிச்சதும், “இருங்கப்பா, இது முடியட்டும்”னு கூட்டமே சொல்லுச்சு.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். அவரைக் குடோனுக்குக் கூட்டிட்டு வந்து உருமியைப் பதிவு பண்ணினோம். ஐநூறு ரூவா கொடுத்தோம், ராத்திரிச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மேட்டுல வீடியோ எடுத்தப்ப, “காட்டு வேலை இருக்குதுங்க தம்பி”ன்னார். ரெண்டாவது தடவை நாங்க கூப்பிடல. வீடியோவுல நாலு பேரு. கீழ எழுதின வரிகள்ல நாலு பேரோட பேரு, கேமரா பிடிச்சவன் பேரு, மிக்சிங் பண்ணினவர் பேரு, குடோன் மாமாவுக்கு நன்றிகூட இருந்துச்சு. அவர் பேரு இல்ல.

பாட்டு கம்பெனி வண்டிங்கள்லயே பரவுச்சு. டிரைவருங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு அனுப்பி, திருப்பூர்ல இருந்து தாராபுரம் வரைக்கும் ஓடற வண்டிங்கள்ல கேட்டுச்சு. எங்கம்மா ஏறுற வண்டியிலயே அது ஓடுச்சுங்க. காலேஜ் விழாக்களுக்குக் கூப்பிட்டாங்க. போற எடத்துலெல்லாம் எங்க கூடப் படம் எடுத்துக்கிட்டாங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்பெனி பேசுச்சு. அவங்களுக்குப் பாடறவன் மட்டும் போதுமாம்.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில உக்காந்து பேசினோம். கீபோர்டு வாசிக்கறவன் பீட்டில்ஸ் கதையைக் கரைச்சுக் குடிச்சவன். லெனனும் மெக்கார்ட்னியும் 1957 ஜூலை 6ல, லிவர்பூல்கிட்ட ஒரு சர்ச் திருவிழாவுலதான் முதல்ல சந்திச்சாங்க, அதுவும் நம்ம நோம்பி மாதிரித்தான்னு அடிக்கடி சொல்லுவான். 1960ல ஜெர்மனியில ஹாம்பர்க் போயி, ராத்திரி ராத்திரியா மணிக்கணக்கில வாசிச்சுத்தான் அவங்க கை பழகுச்சுன்னுவான். அன்னைக்கு அவன் சொன்னது வேற. “ரெண்டு வருசம் கூட இருந்த டிரம்மர் பீட் பெஸ்ட்டை 1962 ஆகஸ்ட்ல வெளிய அனுப்பினாங்க. அக்டோபர்ல முதல் ரெக்கார்டு வந்துச்சு. அந்த ரெண்டு மாசத்தை நெனைச்சுப் பாருங்கடா.” பாடறவன் எந்திரிச்சு, நாலு பேரும் சேர்ந்தாத்தான் வருவோம்னு கம்பெனிக்குப் போன்லயே சொல்லிட்டான். வாய்ப்புப் போச்சு. நாங்க சந்தோசமாத் தூங்கினோம்.

அதை நெனைச்சு இத்தனை வருசமாப் பெருமைப்பட்டுட்டு இருந்தேனுங்க. போன மாசி மாசம் வரைக்கும்.

ஒரு ஊர் நோம்பிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. அங்க கம்பத்துக்கிட்ட அதே ஐயா உருமி வாசிச்சிட்டிருந்தார். சுத்தி நின்ன பசங்க, “அந்த வண்டிப் பாட்டு அடிங்க”ன்னு கேட்டாங்க, அவரும் வாசிச்சார். அச்சு அசல் அதே முனகல். அதுல ஒரு பையன் என்னைக் காட்டி, “இது இவங்க பாட்டுங்க. நீங்க நல்லாக் காப்பி அடிக்கறீங்க”ன்னான். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பையன்கிட்ட, “ஆமாங் கண்ணு, கேட்டுக் கத்துக்கிட்டதுதான்”னார்.

நான் வாயைத் தொறக்கல. மேடைக்குப் போயிப் பாடிட்டு வந்துட்டேன். இப்ப இதை எப்படிச் சரி பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:

தம்பி, படிச்சதும் கண் கலங்கிருச்சு. எங்க அனுபவத்தையும் சொல்றேன், உங்க கேள்விக்கும் அதுல பதில் இருக்கு.

நாங்க ஆறு பொண்ணுங்க. காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச குழு. பொழுதோட ஆறரை மணிக்கு மேல வெளிய விட மாட்டாங்க. அதனால எங்க பயிற்சியெல்லாம் துணி துவைக்கற கல்லுக்கிட்டதான். மூணு பேர் பாட, மூணு பேர் கும்மி அடிச்சே தாளம் போட்டோம். எங்க ஊர்ப்பக்கம் வள்ளி கும்மியை ஆம்பளைங்க மட்டுமே ஆடின காலம் ஒண்ணு இருந்துச்சு. அதைப் பெண்களுக்கும் கத்துக் கொடுத்த கோவை பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அன்னைக்கு எங்க வீட்டுல அம்மாயி டிவி முன்னால உக்காந்துக்கிட்டு, “பாத்தயா, இதையத்தான உன்னை ஆடாதேன்னாங்க”ன்னு என்கிட்டச் சொன்னதை மறக்க முடியாது.

எங்களுக்கும் அடவு சொல்லிக் கொடுத்த ஒரு ஆசிரியர் இருந்தார். முதல் பாட்டு போடறதுக்கு முன்னாலயே ஈரோட்டுல ஒரு வக்கீல் அக்கா எங்களை உக்கார வெச்சு விளக்கினாங்க. பாட்டு எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் மட்டும்தான் உரிமைன்னு நாங்க நெனைச்சிருந்தோம். பதிப்புரிமைச் சட்டம் 1957ல வந்தது. 1994ல திருத்தினப்ப, வாசிச்சவங்க, பாடினவங்க, ஆடினவங்களுக்கும் தனி உரிமை கொடுத்துட்டாங்க. அது ஐம்பது வருசம் வரைக்கும் நிக்கும். 2012 திருத்தத்துக்கு அப்புறம், அதை வெச்சு வியாபாரம் நடந்தா ராயல்டியும் கேக்கலாம். இன்னொண்ணும் சொன்னாங்க. பாட்டோட உரிமையை எழுதிக் கொடுக்கற பத்திரத்துல எத்தனை வருசம்னு போடலைன்னா அஞ்சு வருசம்னுதான் சட்டம் எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். இனிமே எந்தக் கம்பெனி வந்தாலும் அந்த ரெண்டு வரியைப் பார்க்காமக் கையெழுத்துப் போடாதீங்க.

நாங்க ஒரு வெள்ளைத்தாள்ல ஆறு பேரோட ஆசிரியர் பேரையும் சேர்த்து ஏழு பங்குன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வர்ற காசு கொஞ்சம்தான். ஆனா இதுவரைக்கும் எங்களுக்குள்ள ஒரு மனத்தாங்கல் வந்ததில்ல.

உங்களுக்கு வழி இருக்கு தம்பி. யூடியூப்ல தலைப்பையும் கீழ இருக்கற வரிகளையும் எப்ப வேணும்னாலும் மாத்தலாம், பார்த்தவங்க கணக்கு கொறையாது. மத்த ஆப்புங்களுக்குப் பாட்டை அனுப்பின நிறுவனத்துக்கிட்டச் சொன்னா, அவங்களும் பேரைச் சேர்ப்பாங்க. இதுவரைக்கும் வந்த காசுல அவர் பங்கைக் கணக்குப் பண்ணி, வட்டியோட கொடுங்க.

கோபியிலிருந்து:

நான் மைக்செட் வெச்சிருக்கறனுங்க. பாரியூர்க் கோயில் குண்டம் திருவிழாவுல இருந்து அந்தியூர்ச் சந்தை வரைக்கும் எத்தனையோ குழுவுக்குச் செட் போட்டிருக்கறேன். பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு 2000லயே விதி வந்துருச்சு. ஒம்பதே முக்காலுக்கு நான் சைகை காட்டினாப் பாதிப் பேருக்குக் கோவம் வரும். அப்பக்கூட, கடைசிப் பாட்டை உருமிக்காரருக்கும் தப்பட்டைக்காரருக்கும் விட்டுக்கொடுக்கற குழு ஒண்ணு ரெண்டுதான் பாத்திருக்கறேன். ஸ்பீக்கர் நின்னாலும் அவங்க அடி நிக்காதுங்கறது அந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.

தம்பிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். போன்ல பேசாதீங்க. அவர் ஊட்டுக்குப் போங்க. வெத்தலை பாக்கு பழத்தோட போங்க. நாலு பேரும் போங்க.

மறுபடியும் பல்லடம் பக்கத்திலிருந்து:

நேத்துப் போயிட்டு வந்தோமுங்க. நாலு பேரும்.

திண்ணையில உக்கார வெச்சு, அவங்க ஊட்டம்மா மோர் கொடுத்தாங்க. பையன் பேசினதுக்கு நான் வாயைத் தொறக்காம நின்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க தம்பி, சின்னப் பையன்”னார். பணக் கவரை வாங்கிப் பிரிக்காம சாமி படத்துக்கிட்ட வெச்சார். அப்புறம் போனை எடுத்து, வீடியோவுல புதுசாச் சேர்த்திருக்கற வரியைக் காட்டினோம். உருமி, அதுக்குப் பக்கத்துல அவர் பேரு. பேத்தி வந்து சத்தமாப் படிச்சுக் காட்டுச்சு. பாட்டைப் போடச் சொன்னார். கண்ணை மூடி ஒரு நிமிசம் கேட்டவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“இங்க உருமிக்குப் பின்னால சன்னமா ஒரு தப்பட்டை கேக்குதுங்களா?”

கேட்டுச்சு. இத்தனை வருசத்துல நான் அதைத் தனியாக் கேட்டதே இல்ல. குடோனுக்கு அன்னைக்கு அவர் கூட இன்னொருத்தர் வந்திருந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மூட்டைக்குப் பக்கத்துல நின்னே வாசிச்சார், சாப்பிடாமக்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டார்.

“எம்பட மச்சானுங்க அது. காங்கயத்துல இருக்கறான். அவன் பேரையும் போட்டுடுங்க.”

கீபோர்டுக்காரன் அங்கயே திண்ணையில உக்காந்து டைப் பண்ணினான். எழுத்துச் சரியாங்கறதைப் பேத்திதான் பார்த்துச் சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை காங்கயம் போறோம்.