மெத்தில் புரோமைடுக்குப் பதில் ஹீட் ட்ரீட்மென்ட்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தூத்துக்குடி துறைமுகம் வழியாக மர பாலெட்டில் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) சரக்கு அனுப்புகிறோம். மரத்தில் உள்ள பூச்சியை வாயு செலுத்திக் கொல்லும் ஃபுமிகேஷனுக்கு இன்னும் மெத்தில் புரோமைடுதான். ஓசோனைக் கெடுக்கும் இந்த வாயுவை மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகள் கைவிட வேண்டிய கெடு 2015-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஏற்றுமதிக்கு முன் பூச்சி ஒழிக்க மட்டும் விலக்கு உண்டு. சட்டப்படி சரி, எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் தன் எல்லைக்குள் அதையும் நிறுத்திவிட்டது.

இதற்குப் பதில் மரத்தைச் சூடாக்கலாம்: உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் நின்றால் எச்.டி. (ஹீட் ட்ரீட்மென்ட்) முத்திரை கிடைக்கும். தூத்துக்குடி, மதுரைப் பக்கம் அங்கீகாரம் பெற்ற கூடம் யாருக்காவது தெரியுமா? பாலெட்டுக்கு என்ன செலவாகிறது? ஈரமரம் வெடிக்கிறதா? அப்புறம், பழைய முறைதான் வேண்டும் என்கிற வாடிக்கையாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?