ஆடு கடிக்காத, வெயிலுக்குக் கருகாத புதர்ச்செடி எது?

செம்மண்வீடு:
வணக்கம். திருச்சியிலிருந்து விராலிமலை போகும் பக்கம் வீடு கட்டியிருக்கிறோம். மேலே செம்மண், இரண்டடி தோண்டினால் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். போர் தண்ணீர் உப்பு, அதுவும் சித்திரை, வைகாசியில் நூல் மாதிரிதான் வரும். சுற்றுச்சுவர் இன்னும் எழுப்பவில்லை என்பதால் வேலியோரம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற செடி வேண்டும். இட்லிப்பூ வைத்தேன், வளர்கிறது, ஆனால் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் பற்றாமலா? தெருவில் ஆடு வேறு சுற்றுகிறது.

வேலிக்காரன்:
யோசிக்கவே வேண்டாம், அரளி. நாலுவழிச் சாலையின் நடுவே கொளுத்துகிற வெயிலில் யார் பராமரித்து அது பூக்கிறது? ஆடும் வாய் வைக்காது. போத்து வெட்டி ஊன்றினாலே வந்துவிடும்.

பாட்டிவைத்தியம்:
அரளி சொல்கிறவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று முதலில் கேளுங்கள். இலை, பூ, வேர், எல்லாமே விஷம், கவாத்து செய்த குச்சியை எரித்தால் அந்தப் புகையும் ஆகாது. மஞ்சள் அரளி என்றால் அதன் கொட்டை இன்னும் மோசம். ஆடாதோடை வையுங்கள் அண்ணா. இலை கசப்பு, ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மார்கழியில் இருமல் வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து. ஒன்று, கடும் கோடையில் இலை கொஞ்சம் தொங்கும், சாகாது.

செம்மண்வீடு:
மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள், எதையும் வாயில் வைப்பாள். அரளி வேண்டாம்.

கரிசல்காட்டான்:
இட்லிப்பூவுக்குத் தண்ணீர் குறையால் வந்ததாகத் தெரியவில்லை. சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது, நீங்கள் சொல்கிற மஞ்சள் அப்படியே அதுதான். அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால் கொஞ்ச நாள் பச்சை திரும்பும், அப்புறம் பழையபடிதான். அதோடு மல்லுக்கட்டுவதை விட அந்த மண்ணுக்கே உரிய செடிக்குப் போங்கள். உங்கள் பக்கத்துக் கரடுகளில் விராலி தானாக நிற்கும், மினுமினுவென்று கையில் பிசுபிசுக்கிற இலை, வெட்ட வெட்ட அடர்த்தியாகும். விதையைச் சுடுதண்ணீரில் போட்டு ஊறவைத்து விதைக்க வேண்டும். ஆடு வராமல் தடுப்பதே குறி என்றால் களாக்காய். முள் இரட்டை இரட்டையாக இருக்கும், மூன்றடிக்கு ஒன்று நட்டு உயரத்தைக் கவாத்து செய்துகொண்டே வந்தால் நாய் கூட நுழையாது, ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு. ஆவாரையும் நல்லதுதான், ஆனால் ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும், பை நாற்றாக வாங்காமல் நிற்க வேண்டிய இடத்திலேயே விதை ஊன்றுவது மேல்.

இன்னொன்று, வறட்சி தாங்கும் என்று நர்சரியில் சொன்னால் அது வேர் பிடித்த செடிக்குச் சொன்னது. முதல் கோடையில் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைப் பார்த்துவிடும். குழியில் கடப்பாறை போட்டுச் சுக்கானை உடைத்துவிட்டு நடுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுருண்டு கிடக்கும், வாரம் ஒருமுறை ஒரு குடம் நின்று இறங்கட்டும். தூரைச் சுற்றித் தென்னை மட்டை, சருகு எதையாவது மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கறையான் ஏறும்.

செம்மண்வீடு:
சரி, தெருப்பக்கம் களா, வீட்டை ஒட்டி ஆடாதோடை, முள் பயம் இருக்காது. களா நாற்று இங்கே எந்த நர்சரியிலும் இல்லை என்கிறார்களே?

கரிசல்காட்டான்:
சந்தையில் கறுத்துப் பழுத்த பழம் வரும்போது வாங்கி விதையை எடுத்துக் கழுவி, அந்த வாரமே மண் நிரப்பிய நாற்றுப் பையில் விதைத்துவிடுங்கள். காயவைத்து டப்பாவில் பூட்டி வைத்தால் முளைக்காது.