பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: துணைப்பாடமாக வேதியியலா, விலங்கியலா?

நொய்யல்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் துணைப்பாடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேதியியல், விலங்கியல், கணினிப் பயன்பாடு மூன்றில் ஒன்று. துறையில் கேட்டால், "எதை எடுத்தாலும் கிரெடிட் ஒண்ணுதாம்மா" என்கிறார்கள். பிளஸ் டூவில் பயாலஜி குரூப்தான், ஆனால் கெமிஸ்ட்ரி என்றாலே எனக்குக் கண்டம். அதனால் விலங்கியல் பக்கம் சாய்கிறேன்.

பெரிய ஆசை ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப்பணி. இந்தப் பட்டம் அதற்கு நேர் வழி என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

இன்னொரு சந்தேகம். 140 கிரெடிட், ஐந்து பகுதி என்று ஒரு அட்டவணை கொடுத்தார்கள். தலை சுற்றுகிறது. பகுதி நான்கில் "சுற்றுச்சூழல் கல்வி" என்று தனியாக ஒரு தாள் இருக்கிறது. என் மேஜரே அதுதானே, நானும் அதை எழுத வேண்டுமா?

கடைசிபெஞ்ச்

அட்டவணைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், நாங்களும் அதே மாநில உயர்கல்வி மன்ற மாதிரிப் பாடத்திட்டம்தான். தமிழ் 12, ஆங்கிலம் 12, மேஜரும் துணைப்பாடமும் எலெக்டிவும் சேர்ந்த பகுதி மூன்று 92, பகுதி நான்கு 23, பகுதி ஐந்து 1. கூட்டினால் 140. அந்தக் கடைசி ஒன்று என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி சமாச்சாரம். ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டாலும் பட்டம் கிடையாது.

பிஓடிபாட்டில்

கண்ணு, திங்கட்கிழமைதானே கடைசி நாள்? நல்லவேளை, இப்போதே கேட்டாய். நானும் இதே பி.எஸ்சி., அப்புறம் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பெருந்துறைப் பக்கம் தண்ணீர், கழிவுநீர் பரிசோதனைக்கூடத்தில் அனலிஸ்ட்டாக இருக்கிறேன்.

முதலில் அந்த ஐ.எஃப்.எஸ். விஷயம். யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில் கல்வித்தகுதி என்ற பத்தியை இன்று ராத்திரியே எடுத்துப் படி. கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல் (நாம் ஜியாலஜி என்போமே, அது), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரே அந்தப் பட்டியலில் கிடையாது! மெயின்ஸ் விருப்பப்பாடங்களிலும் கிடையாது. காட்டைக் காக்கிற வேலைக்கு நம் படிப்பின் பெயர் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஆனால் விதி அதுதான்.

அப்படியென்றால் உன் விஷயத்தில் துணைப்பாடம்தான் கதவைத் திறக்க வேண்டிய சாவி. "கிரெடிட் ஒண்ணுதான்" என்றவர் பொய் சொல்லவில்லை, பட்டத்துக்கு அது ஒன்றுதான். பட்டத்துக்குப் பிறகு ஒன்றில்லை. கணினிப் பயன்பாடு எடுத்தால் அந்தப் பட்டியலில் எதுவுமே உன் கையில் இருக்காது. இன்னொன்றையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள். மதிப்பெண் பட்டியலில் தாளின் பெயர் என்னவென்று அச்சாகும்? "வேதியியல்" என்றோ "விலங்கியல்" என்றோ வெறுமனே வந்தால் நல்லது. "சுற்றுச்சூழலுக்கான" என்று ஒட்டுப்போட்டு வந்தால் நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சரி, இரண்டில் எது? நான் வேதியியல் என்பேன். உனக்குக் கண்டம் என்றது புரிகிறது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி வேறு, எங்கள் மேஜையில் நடக்கிற கெமிஸ்ட்ரி வேறு. ஒன்று சொல்கிறேன், பார். ஆற்றுத் தண்ணீரை 300 மில்லி பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்காமல் நிரப்ப வேண்டும். மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் கார அயோடைடு. மூடித் தலைகீழாக ஆட்டினால் பழுப்பாக மேகம் மாதிரி இறங்கும். ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையாகிப்போன தண்ணீரென்றால் அது வெள்ளையாகவே நிற்கும். மீன் ஏன் செத்தது என்று அந்த நிறமே சொல்லிவிடும். இதே சோதனையை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துவிட்டு மறுபடி செய்தால் பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் செலவாகிற ஆக்சிஜனின் அளவு. வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று இருக்கும். நம்மூர் வெயிலுக்கு இந்தியத் தரநிலை இப்படி. ஆற்றில் விடுகிற கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். 28-ஆ 34-ஆ என்பதில் ஓர் ஆலையின் தலையெழுத்தே இருக்கும்போது, டைட்ரேஷனில் (சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பதில்) நீலம் மறைகிற அந்த ஒரு சொட்டை யாரோ ஒருத்தி ஒழுங்காகப் பார்க்க வேண்டுமே.

பகுதி நான்கின் அந்தத் தாளை நீயும் எழுதத்தான் வேண்டும். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாணவர்க்கும் சுற்றுச்சூழல் பாடம் வேண்டும் என்றது, 2003-ல் யு.ஜி.சி. அதற்குப் பாடத்திட்டம் போட்டது. பி.காம். பிள்ளைகளோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதுவாய். ஆனால் மேஜர்தானே என்று படிக்காமல் போகாதே, நம் துறைப் பிள்ளைகளே அதில் அரியர் வைத்து நான் பார்த்திருக்கிறேன்.

எம்.எஸ்சி. சேர்க்கையில் பெரும்பாலும் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். எம்.எஸ்சி. அவசியமா என்றால், அவசியம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி வேலைக்கு முதுகலை கேட்கிறார்கள், உதவிப் பொறியாளருக்குப் பொறியியல் கேட்கிறார்கள். வெறும் பி.எஸ்சி.யோடு அந்த இரண்டு வேலைக்கும் இடமில்லை.

சேற்றுக்கால்

பாட்டில் அக்கா சொன்ன தகுதி விவரமெல்லாம் சரி. வேதியியல்தான் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான் ஈரநிலங்களில் பறவைக் கணக்கெடுப்பு வேலை செய்கிறவன். தமிழ்நாட்டில் ராம்சார் தளம் (உலக அளவில் முக்கியமானது என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம்) என்றால் 2002 முதல் கோடியக்கரை ஒன்றுதான் இருந்தது. 2022-ல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று ஒரே ஆண்டில் 13 சேர்ந்தன. அங்கெல்லாம் உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். விலங்கியலும் அந்த யு.பி.எஸ்.சி. பட்டியலில் இருக்கிறது, மெயின்ஸில் விருப்பப்பாடமாகவும் இருக்கிறது. பிடிக்காத பாடத்தை எடுத்து நான்கு செமஸ்டர் அழுவதைவிடப் பிடித்ததை எடுத்து மதிப்பெண் வாங்குவது மேல்.

எதை எடுத்தாலும் க்யூ.ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளுங்கள். வரைபடம் தயாரிக்கிற இலவச மென்பொருள். உங்கள் ஊர்க் குளத்தின் எல்லையை வரைவதில் தொடங்கலாம். அப்புறம், ஐ.எஃப்.எஸ்.ஸில் நடைத் தேர்வும் உண்டு, பெண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர். அதற்கு எந்தத் துணைப்பாடமும் உதவாது.

பிஓடிபாட்டில்

சேற்றுக்கால் தம்பி, பறவை சாகும்போது தண்ணீரை எங்களிடம்தானே கொண்டுவருகிறீர்கள்? :) சும்மா சொன்னேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது கண்ணு. வனம்தான் குறி என்றால் விலங்கியல் குறைந்ததல்ல. ஐ.எஃப்.எஸ். கிடைக்காமல் போனால் மறுநாள் சோறு போடுவது எது என்று கேட்டால் மட்டும் நான் வேதியியல் பக்கம்தான். திருப்பூர், ஈரோடு, ராணிப்பேட்டை என்று சாயமும் தோலும் இருக்கிற ஊரெல்லாம் பரிசோதனைக்கூடம் இருக்கிறது.

மாநில வனத்துறையை மறக்காதே. டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற வனத் தொழில் பழகுநர் தேர்வின் தகுதிப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம் பெயரோடு இருக்கிறது.

நொய்யல்கரை

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. அறிவிக்கையைப் படித்தேன், அக்கா சொன்னபடியேதான் இருக்கிறது. கணினிப் பயன்பாட்டை அடித்துவிட்டேன். அலுவலகத்தில் கேட்டேன், வேதியியல் தாள் வெறும் "வேதியியல்" என்றே அச்சாகுமாம். விலங்கியல் தாளுக்கு நீளமாக ஏதோ பெயர். அதனால் பயத்தோடே வேதியியல் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் இன்டர்ன்ஷிப் இருக்கிறதாம், அதற்கு இரண்டு கிரெடிட். அதை எங்கே செய்வது?

பிஓடிபாட்டில்

ஆலைக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏதாவது ஒன்றில் கேள். பக்கத்திலேயே ஆய்வகம் இருக்கிற இடமாகப் பார். மே மாதம் எல்லாக் கல்லூரியும் ஒன்றாக வந்து நிற்கும், அதனால் பிப்ரவரியிலேயே துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்துவிடு. சான்றிதழ் மட்டும் போதும், வர வேண்டாம் என்பார்கள் சில இடங்களில். அங்கே போகாதே. போகிற இடத்தில் தினமும் பாட்டில் கழுவச் சொன்னாலும் கழுவு, சரியாகக் கழுவாத பாட்டிலில் வருகிற ரீடிங் தப்பு.