தண்டர்பேர்டில் போடும் தேதி கைப்பேசிக்கு வரவில்லை – அவசர உதவி

திருப்பூர்_பின்னல்:
வணக்கம். பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கூகுள் நாட்காட்டியைச் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. கைப்பேசியில் போடுவது கணினிக்கு வருகிறது; கணினியில் போடுவது கைப்பேசிக்குப் போகவே மாட்டேன் என்கிறது. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற்றும் நாள் முதலாளியின் கைப்பேசியில் தெரியாமல் நேற்று திட்டு வாங்கினேன். மூன்று முறை நீக்கிவிட்டுச் சேர்த்தாயிற்று. வியாழக்கிழமைக்குள் சரியாக வேண்டும்.

பல்லடம்_தறி:
எந்தப் பதிப்பு? விண்டோஸா, லினக்ஸா? நாட்காட்டியை எந்த வழியில் சேர்த்தீர்கள்?

ஈரோட்டு_மஞ்சள்:
நேர மண்டலம்தான், சந்தேகமே வேண்டாம். ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். எங்கள் மண்டியில் காலை 10 மணி ஏலம் விடிகாலை 4.30 என்று காட்டியது.

கோபி_வாத்தியார்:
நேர மண்டலம் தவறினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும், காணாமல் போகாது. அம்மணி, பதிப்பு, சேர்த்த வழி, பிழைச் செய்தி மூன்றும் இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது என்று எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

ஈரோட்டு_மஞ்சள்:
ஐயா, தள்ளினால் தேதியே மாறும். இரவு 2 மணிக்குப் போட்டது முந்தின நாளில் போய் உட்காரும். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். ஏற்றுமதிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமா?

கோபி_வாத்தியார்:
கேட்டது ஜெர்மனி பற்றி அல்ல.

திருப்பூர்_பின்னல்:
பதிப்பு 115, விண்டோஸ் 10. கூகுள் அமைப்புகளில் ‘ரகசிய முகவரி’ என்று ஒன்று, ஐசிஎஸ் என்று முடிந்தது. அதை எடுத்து ஒட்டினேன்.

பெருந்துறை_சிப்காட்:
அங்கேதான் சிக்கல், அக்கா. அந்த முகவரி வாசிக்க மட்டும்; அதன் வழியே எதையும் எழுத முடியாது. அதனால் நீங்கள் போடும் தேதி, கணினிக்குள்ளேயே இருக்கும் ‘ஹோம்’ என்கிற நாட்காட்டிக்குப் போய்விடும். போட்ட நிகழ்வு ஒன்றை இரட்டைச் சொடுக்கில் திறந்து, நாட்காட்டி என்ற வரியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நிறமும் வேறாக இருக்கும்.

‘ஹோம்’ என்றால், முதலில் அதிலுள்ளவற்றை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐசிஎஸ் நாட்காட்டியை நீக்கிவிட்டு, புதிய நாட்காட்டி, ‘ஆன் த நெட்வொர்க்’ என்று போய் ஜிமெயில் முகவரியை மட்டும் கொடுங்கள். தேடச் சொன்னால் கூகுள் உள்நுழைவுச் சாளரம் திறக்கும். இது கால்டாவ் வழி, அதாவது நாட்காட்டிகளை ஒத்திசைக்கும் முறை; இருபக்கமும் எழுதும். சாளரம் நகராமல் நின்றால் தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கீ (இணையதளங்கள் கணினியில் சேமிக்கும் சிறு தகவல்) அனுமதி இருக்கிறதா பாருங்கள். கடைசியாக அந்தக் கோப்பைப் புதிய நாட்காட்டிக்குள் இறக்குங்கள்.

ரகசிய முகவரியை எவருக்கும் அனுப்பாதீர்கள். கையில் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

பல்லடம்_தறி:
கணினியின் தேதியும் சரியா பாருங்கள். பேட்டரி தீர்ந்து வருடம் பின்னால் போயிருந்தால் உள்நுழையவே விடாது.

ஈரோட்டு_மஞ்சள்:
இருந்தாலும் நேர மண்டலத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

திருப்பூர்_பின்னல்:
ஹோமில்தான் இருந்தன, நான் போட்ட பதினேழு நிகழ்வும். குக்கீயை அனுமதித்த பிறகுதான் வெள்ளைச் சாளரம் நகர்ந்தது. முதலாளி கைப்பேசியில் இப்போது தெரிகிறது. பெருந்துறைத் தம்பிக்கு மிக்க நன்றி. லாரி வந்துவிட்டது, போகிறேன்.